‘முடியாது’ என்றொரு சொல்

மந்தைவெளியில் மாதா கோயில் ஒன்றை ஒட்டிய சின்னக் கூடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இருபது இருபத்தஞ்சு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, மூலையில் டீ கேன். என் அண்ணன் எழுந்து நின்றான். பெயரைச் சொன்னான். ‘நான் ஒரு குடிநோயாளி’ என்றான். கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் அவன் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார்கள். கடைசி வரிசையில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

இந்த ஊர் அவனை எத்தனையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வேலை செய்த தெருவில் ஒரு பெயர், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெயர். அத்தனையும் அடுத்தவன் வைத்தது. இப்போது இன்னொரு பெயர், அதையும் தானே தனக்கு வைத்துக்கொண்டு ஊரறிய நின்று சொல்கிறான். அதுக்கப்புறம் சொன்னதுதான் என்னை இன்னும் சுட்டது. குடிக்கு முன்னால் தனக்குச் சக்தி இல்லை என்றான். தன் வாழ்க்கை தன் கையை விட்டுப் போய்விட்டது என்றான்.

கூட்டத்தில் கேட்டதைக் கூட்டத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே நடைமுறை. அன்று குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்ட திறந்த கூட்டம். அதனால்தான் என்னால் உள்ளே போக முடிந்தது. மற்றவர்கள் பேசியதில் ஒரு சொல்லையும் இங்கே எழுதப் போவதில்லை. ‘என்னப் பத்தி எழுதிக்க, பேரு மட்டும் போடாத’ என்று அண்ணன் சொல்லியிருப்பதால் அவன் கதையை மட்டும் எழுதுகிறேன். அதுவும் கதைக்காக அல்ல. ஒரு கேள்விக்காக.

கேள்வி இது. ஆயிரம் வருஷமாக ‘உனக்குச் சக்தி இல்லை’ என்று சொல்லப்பட்டவன், அதைத் தன் வாயாலேயே சொல்வது விடுதலையா, அடிமைத்தனமா?

1

அந்தக் கூடத்தில் நடப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். பெயரைச் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் என்று பொருள். இது சர்ச்சின் அமைப்பு அல்ல. ஆனால் சர்ச்சின் வாசனை போகாத அமைப்பு. 1935இல் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில், பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. ரெண்டு பேருமே குடியில் அழிந்துகொண்டிருந்தவர்கள். ரெண்டு பேருமே ஃபிராங்க் புக்மன் என்ற லுத்தரன் போதகர் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குழு என்னும் கிறிஸ்தவ இயக்கத்தோடு பழகியவர்கள். பாவத்தை ஒப்புக்கொள், இன்னொரு மனிதனிடம் வாய்விட்டுச் சொல், யாருக்குத் தீங்கு செய்தாயோ அவரிடம் போய் ஈடு செய், உன்னைக் கடவுளிடம் ஒப்படை என்பது அந்த இயக்கத்தின் வழி. 1939இல் புத்தகமாக வந்த பன்னிரண்டு படிகளின் முதுகெலும்பு இதுதான்.

புத்தகம் எழுதப்பட்ட காலத்தில் குழுவுக்குள் இருந்த நாத்திகர்கள் சண்டை போட்டார்கள். அதனால் கடவுள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அவரவர் புரிந்துகொண்டபடி என்று ஒரு சலுகை சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 1957இல் பம்பாயில் வேர் பிடித்தது. சென்னையில் அடையாறு இந்திரா நகரில் 1980இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் போதை நோய்க்கென்றே சிகிச்சை மையம் வந்தது. குடி ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்கிற பேச்சு இந்த ஊரில் பரவியதில் அதற்குப் பங்குண்டு.

மந்தைவெளி என்ற பெயருக்கு மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த வெளி என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். வேதாகமத் தமிழிலும் மந்தை என்ற சொல் உண்டு, மேய்ப்பனும் உண்டு. ‘மந்தைவெளியில மந்தையாச் சேர்ந்துட்டான் நம்மாளு’ என்று அன்றைக்கு ராத்திரியே தோழர்களிடம் கிண்டலடித்தேன். ஒரு டாஸ்மாக் பாரில் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னேன். இதை மறைக்க விரும்பவில்லை. பிறகு வருகிறேன்.

2

எங்கள் தெருவில் குடியைப் பற்றி மூன்று சொற்கள் புழங்குகின்றன. ஜெப வீட்டுப் பாஸ்டர் ‘பாவம்’ என்பார். ஆஸ்பத்திரியில் ‘நோய்’ என்பார்கள். நாங்கள் ‘அரசியல்’ என்போம்.

முதலில் பாவம். ஜெப வீட்டுச் சுவரொட்டியில் ‘விடுதலைப் பெருவிழா’ என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே எங்கள் சுவரொட்டி. அதிலும் விடுதலை. எழுத்துகூட ஒரே அளவு. அவர்களுக்குக் குடிப்பிசாசிடமிருந்து, எங்களுக்குச் சாதியிடமிருந்து. இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் குடியை விட்ட ஆண்களை எண்ணினால், எங்கள் சுவரொட்டியைப் பார்த்து விட்டவன் எவனுமில்லை. ஜெப வீட்டுக்குப் போய் விட்டவர்கள் உண்டு. சபைக்கு முன்னால் நின்று ‘சாட்சி’ சொல்வார்கள். இந்தப் பத்திரிகையின் பக்கங்களில் நாம் அச்சிடுவதற்கும் சாட்சியம் என்றுதான் பெயர்.

ஆனாலும் பாவம் என்ற சொல்லில் எனக்கு ஒரு கணக்கு உதைக்கிறது. குடித்தவன் பாவி என்றால், ஊற்றிக் கொடுத்தவன் யார்? 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003இல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. 2023-24இல் மதுவினால் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பாட்டிலில் மது கேடு என்று அச்சடித்து, அந்தப் பாட்டிலை அரசே விற்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கூலித் தொழிலாளிகள், அவர்களில் பலர் தலித்துகள். டாஸ்மாக் பாட்டிலுக்குக் காசு இல்லாதவன் பாக்கெட்டுக்குப் போகிறான். இந்தப் பாவத்தை எந்தக் கூண்டில் நின்று யார் ஒப்புக்கொள்வது?

அடுத்தது நோய். பாவத்தைவிட இது நாகரிகமான சொல். நோயாளியை யாரும் செருப்பால் அடிப்பதில்லை. அண்ணன் திடீரென்று நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத எறும்புகளைச் சுவரில் பார்த்து, வலிப்பு வந்து விழுந்தான். நெடுநாள் குடித்தவர்கள் வைத்தியம் இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஜெபமும் கோஷமும் அந்த ராத்திரி உதவவில்லை. ஆஸ்பத்திரிதான் காப்பாற்றியது. படிக்கிற தோழர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். முதலில் டாக்டர், பிறகு கூட்டம்.

ஆனால் நோய் என்ற சொல்லும் ஒன்றை மறைக்கிறது. காசநோய்க்குக் கிருமி காரணம் என்று சொல்லிவிட்டுக் காற்றில்லாத குடிசையை மறந்துவிடுவதைப் போல.

மூன்றாவது அரசியல். இது நம் சொல். நமக்கு முன்னாலேயே சொன்னவர்கள் உண்டு. அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பித்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளிவந்த தன் வரலாற்றில் ஒரு விஷயம் எழுதுகிறார். கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் இடைப்பட்ட விடுமுறை நாட்களில் எஜமானர்கள் அடிமைகளைக் குடிக்கவிடுவார்கள். விட மட்டுமல்ல, யார் அதிகம் குடிப்பது என்று பந்தயம் கட்டி ஊக்குவிப்பார்கள். குடித்துப் புரண்டு எழுந்த அடிமை, ‘சுதந்திரம் என்றால் இந்தக் கேவலம்தான் போலிருக்கிறது, இதற்கு எஜமான் வயலே தேவலை’ என்று தானாகத் திரும்பிப் போவான்.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தா நினைவுக்கு வந்தார். செங்கல்பட்டுப் பக்கம் பண்ணையாளாக இருந்தவர். அறுவடை முடிந்த நாளில் ஆண்டை கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கள்ளு ஊற்றுவாராம். ‘ஆண்டைக்கு நல்ல மனசுடா’ என்பார் தாத்தா, சாகிற வரைக்கும்.

3

சரி, அரசியல் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அரசியலை நாம் எப்படிப் பேசினோம்?

எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில் தொண்ணூறுகளின் தலித் இதழ்களைத் தேடித் தேடிப் படித்தவன் நான். சாதி இந்து ஒழுக்கத்தைக் கட்டவிழ்க்க வேண்டும், அவர்கள் தீட்டு என்று ஒதுக்கியதை நாம் கொண்டாட வேண்டும் என்ற குரல் அப்போது பலமாக இருந்தது. மாட்டுக்கறி, பறை, கெட்ட வார்த்தை, குடி எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறின. முனீஸ்வரனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிற சனத்துக்குக் குடியில் என்ன வெட்கம் என்று கேட்டபோது எனக்கு ரத்தம் சூடேறியது. அந்தக் கலகத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. காந்தியார் முதல் உள்ளூர் பிரமுகர்கள் வரை, ‘அரிசனங்கள்’ குடியையும் மாட்டுக்கறியையும் விட்டால் மேலே வரலாம் என்று உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அழுக்கு நம்மிடம், சோப்பு அவர்களிடம்.

ஆனால் மாட்டுக்கறியையும் குவாட்டரையும் ஒரே பட்டியலில் போட்டது பிழை என்று இப்போது நினைக்கிறேன். மாட்டுக்கறி நம் பிள்ளைகளை வளர்த்தது. அதைத் தடுக்கிறவன் சாதிக்காரன். குவாட்டரை யாரும் தடுக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா வா என்கிறார்கள். ஆள்கிறவன் விரும்பி விற்பதை வாங்கிக் குடிப்பது எப்படிக் கலகமாகும்?

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அண்ணன் கேட்டான். சேர்ந்து நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு இலக்கியக் கூட்டம் முடித்து, ‘கூட்டத்துக்குப் பிந்தைய கூட்டமும்’ முடித்து, ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

‘இன்னா தம்பி, மீட்டிங்கா?’

‘ஆமாண்ணே.’

‘வாட வருது.’

நான் பேசவில்லை.

‘ஒண்ணு கேக்கணும். நீ குடிச்சா கலகம். நான் குடிச்சா நோயா?’

எம்.ஏ. படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

இதே இதழ்களைக் கொண்டாடிய நாம் ரெண்டு பேரை வசதியாக மறந்திருந்தோம். பக்கத்து ராயப்பேட்டையில் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், 1898இலேயே சாக்கிய பௌத்த சங்கம் கண்டு பஞ்சசீலத்தைக் கையில் எடுத்தவர். ஐந்து சீலங்களில் ஒன்று மயக்கம் தரும் குடியை விலக்குவது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்ற அம்பேத்கர், அவர்களை எடுக்கச் சொன்ன 22 உறுதிமொழிகளில் ஒன்று குடிக்க மாட்டேன் என்பது. காந்தியார் சொன்னதற்கும் இவர்கள் சொன்னதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே குடியை விடுவது உள்ளே வருவதற்கான அனுமதிச் சீட்டு. இங்கே அது வெளியே போகிறவன் கட்டிக்கொள்ளும் கச்சை.

4

இப்போது மறுபடி அந்த முதல் படிக்கு வருகிறேன். அம்பேத்கரின் உறுதிமொழி ‘மாட்டேன்’ என்கிறது. மந்தைவெளிக் கூடம் ‘என்னால் முடியாது’ என்கிறது. ‘மாட்டேன்’ என்பதில் மனசு இருக்கிறது, நிமிர்வு இருக்கிறது. ‘முடியாது’ என்பதில் இயலாமை. ஒடுக்கப்பட்டவனுக்கு எது தேவை? நிமிர்வுதானே?

இப்படி நினைத்தது நான் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜீன் கர்க்பேட்ரிக் என்ற பெண்மணி 1970களில் பெண்களுக்கென்று தனியாக ஒரு குழுவைத் தொடங்கினார். குடியிலிருந்து மீண்டவர். ஏற்கெனவே தலைகுனிந்து வாழும் பெண்ணிடம் போய் இன்னும் குனி, உன் இயலாமையை ஒப்புக்கொள் என்றால் அது மருந்தாகாது, அவளுக்கு வேண்டியது தன்மதிப்பு என்பது அவர் வாதம். கறுப்பர்களின் அனுபவமும் உண்டு. 1940களில் பல வெள்ளைக் குழுக்கள் கறுப்பர்களை நாற்காலியில் உட்காரவிடவில்லை. 1945இல் வாஷிங்டனில் ஒரு கறுப்பின மருத்துவர் தங்களுக்கென்று தனிக் குழு கண்டார். பெயரை மறைத்தாலும் தோல் மறையவில்லை.

இங்கே? இங்கே தோல் காட்டிக்கொடுக்காது. பெயரும் தெரு விலாசமும் காட்டிக்கொடுக்கும். அந்தக் கூடத்தில் முழுப்பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. மயிலாப்பூர் வக்கீலும் பட்டினப்பாக்கத்து மீன்காரரும் கால்வாய்க்கரை குடிசைக்காரரும் ஒரே டீயைக் குடிக்கிறார்கள். தனி டம்ளர் இல்லை. எனக்குச் சந்தேகம் தீரவில்லை. சாதியைக் கேட்காமல் இருப்பது சாதி இல்லாமல் இருப்பது ஆகாது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள் கல்லறையில் சுவர் எழுப்பிய நாடு இது. எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்குக் கலவரம் நடந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு உயிர் போனது. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையோ, கிறிஸ்தவனானால் நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது. சர்ச்சுக்குள்ளே சாதி உண்டு, சர்க்காரிடம் சாதி இல்லை.

இதை அண்ணனிடம் கேட்டேன். ‘அங்க யாரும் சாதி பாக்கலியாண்ணே?’

‘பாப்பாங்க. மனசுல பாப்பாங்க. எனக்குத் தெரியும் எவன் பாக்குறான்னு. ஆனா தம்பி, அந்த வக்கீலு அவரு பொண்டாட்டி தாலிய அடகு வெச்ச கதய என் முன்னாடி அழுதுகிட்டே சொல்றாரு. நான் கேக்குறேன். என்னைக்காவது அந்த மாதிரி ஆளு கதய நம்ம உக்காந்து கேட்டுருக்கமா? அவங்க சொல்லுவாங்க, நம்ம நிப்போம். அங்க நான் உக்காந்திருக்கேன்.’

இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. மந்தை என்று கிண்டலடித்தேனே, அந்தக் கூடத்தில் மேய்ப்பன் இல்லை. தலைவர் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்காருகிற ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். அண்ணனும் உட்கார்ந்திருக்கிறான். வெளியாரிடம் பணம் வாங்குவதில்லை. கூட வாடகையும் டீச்செலவும் சுற்றி வருகிற பையில் அவரவர் போடுகிற பத்து இருபதில் நடக்கிறது. தொடங்கிய பில் வில்சனுக்கு 1954இல் யேல் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தர வந்தபோது, பெயர் வெளியிடாத அமைப்பின் ஆள் பட்டம் வாங்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். நம் மேடைகளை நினைத்துக்கொள்கிறேன். தலைவர் படம் எத்தனை அடி, யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்று எத்தனை அமைப்புகள் உடைந்திருக்கின்றன!

5

ஆனால் அண்ணி அந்த முதல் படியை என்னைப்போல் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து மார்க்கெட் வழியாக நடந்து வருகையில் சொன்னார்.

‘சக்தியில்லாதவன்னு சொல்றாரு உங்க அண்ணன். தெருவுல இல்லாம இருந்திருக்கலாம் தம்பி. எங்கிட்ட அவரு என்னைக்கும் சக்தியில்லாம இருந்ததில்ல.’

இருபது வருஷம் அடி வாங்கிய பெண் சொல்கிறார். நான் அண்ணனின் தன்மானத்துக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அண்ணியின் மண்டையில் இருக்கிற தழும்பை என் தலித் அரசியல் எந்தப் பக்கத்தில் எழுதியது? தெருவில் குனிந்தவன் வீட்டில் நிமிர்ந்ததை ‘ஒடுக்குமுறையின் விளைவு’ என்று ஒரு வரியில் முடித்திருந்தேன். விளைவுதான். ஆனால் அடித்த கை அவன் கை.

‘அரசியல்’ என்ற நம் சொல் மறைப்பது இதை. பாவம் என்ற சொல் ஊற்றிக்கொடுத்தவனை மறைக்கிறது. நோய் என்ற சொல் குடிசையை மறைக்கிறது. அரசியல் என்ற சொல் அண்ணியை மறைக்கிறது. எல்லாவற்றுக்கும் சாதிதான் காரணம் என்றால், அண்ணன் தன் கையால் செய்த எதற்கும் அவன் பொறுப்பில்லை. பொறுப்பே இல்லாதவன் எப்படி முழு மனிதனாவான்? சாதி நம்மிடமிருந்து பறித்ததில் அதுவும் ஒன்று. நல்லதோ கெட்டதோ, ‘இதைச் செய்தவன் நான்’ என்று சொல்லும் உரிமை.

எட்டாவது படியில், தான் தீங்கு செய்தவர்களின் பட்டியலை எழுத வேண்டும். ஒன்பதாவது படியில் அவர்களிடம் போக வேண்டும். அண்ணனுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ‘நீதான் தமிழு படிச்சவனாச்சே’ என்று நோட்டை என்னிடம் நீட்டினான். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் பெயர் அண்ணி. ரெண்டாவது, படிப்பை எட்டாவதோடு நிறுத்திய அவன் மகள். மூணாவது, செத்துப்போன எங்கள் அம்மா. நாலாவது பெயர் என்னுடையது.

‘எனக்கு என்னண்ணே பண்ணுன?’

‘உன் காலேஜு பீஸு பணத்த ஒருக்கா எடுத்தேன். நீ சித்தி வீட்டுல கடன் வாங்கிக் கட்டுன. தெரியாதுன்னு நெனச்சிகிட்டியா?’

நான் அதை மறந்தே போயிருந்தேன். அவன் மறக்கவில்லை.

6

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் கிடைத்த இடம் அதுதான்.

அண்ணன் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை பார்த்தவன். ஆளை உள்ளே இறக்கக்கூடாது என்று 1993இலும் 2013இலும் சட்டம் வந்திருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்றது. சட்டம் மேலே இருக்கும். ஆள் உள்ளே இருப்பான். இறங்குவதற்கு முன்னால் மேஸ்திரி கையில் காசு வைப்பார். ‘ஒரு கட்டிங் போட்டுட்டு எறங்குடா.’ குடிக்காமல் அந்த மூடியைத் திறக்க முடியாது. மூக்கு விடாது, வயிறு விடாது. டக்ளஸின் எஜமானன் கிறிஸ்துமஸுக்கு ஊற்றினான். இவர் தினம் ஊற்றினார்.

குடியை விட்டு ரெண்டு மாதம் கழித்து மறுபடி வேலைக்குப் போனான். வழக்கம்போல் காசு நீட்டப்பட்டது. ‘வேணாம் மேஸ்திரி, விட்டுட்டேன்’ என்றான். ‘சரி, எறங்கு.’ மூடியைத் திறந்தார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவன் மூக்கு முழுசாக விழித்திருந்தது. குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

‘முடியாது.’

‘இன்னாடா முடியாது?’

‘என்னால முடியாது மேஸ்திரி.’

அதே சொல். கூடத்தில் எழுந்து நின்று சொன்ன அதே சொல். தமிழில் ‘முடியாது’ என்றால் இயலாது என்றும் பொருள், செய்ய மாட்டேன் என்றும் பொருள். பிணம் சேதி சொல்லப் போக முடியாது, சாவுக்குப் பறையடிக்க முடியாது, செத்த மாட்டைத் தூக்க முடியாது என்று நம் கிராமங்களில் எத்தனை பேர் சொல்லி அடி வாங்கியிருக்கிறார்கள்! அவர்கள் யாரும் ‘எங்களுக்குத் தெம்பில்லை’ என்று சொல்லவில்லை. ‘இனிமேல் நடக்காது’ என்றார்கள். எம்.ஏ.வில் வினைச்சொல்லின் எதிர்மறை வடிவங்களைப் படித்தபோது இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு என் இலக்கண ஆராய்ச்சி பெரிசாகப் படவில்லை. ‘குடிய நிறுத்த என்னால முடியாதுன்னு ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொன்ன அன்னிக்குத்தான் தம்பி குடிக்க மாட்டேன்னு சொல்றதுக்கு வாய் வந்துச்சு. அதுக்கு முன்ன தெனம் சொல்லுவேன், நாளைக்கு விட்டுருவேன்னு. என்னால முடியும் முடியும்னு சொல்லியே இருபது வருசம் குடிச்சேன்’ என்றான்.

ஆக, அவன் ஒப்புக்கொண்டது சாதிக்காரன் சொன்ன சக்தியின்மையை அல்ல. பாட்டிலுக்கு முன்னால் தனியாளாகத் தனக்கிருந்த சக்தியின்மையை. ரெண்டையும் நான்தான் குழப்பிக்கொண்டேன். மால்கம் எக்ஸின் தன் வரலாற்றில் கறுப்பு முஸ்லிம்கள் போதைக்காரர்களை மீட்ட முறை சொல்லப்பட்டிருக்கிறது. முதலில், தான் போதைக்கு அடிமை என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்தது, வெள்ளை அமெரிக்காவில் கறுப்பனாக இருக்கிற வலியை மரக்கடிக்கத்தான் ஊசி போட்டுக்கொண்டான் என்பதை அவனுக்குப் புரியவைக்க வேண்டும். மந்தைவெளிக் கூடத்தில் முதலாவது மட்டும் இருக்கிறது. எங்கள் கூட்டங்களில் ரெண்டாவது மட்டும் இருக்கிறது.

வேலை போயிற்று. இப்போது தண்ணீர் கேன் போடுகிறான். மாடி மாடியாக ஏறுகிறான். சம்பளம் குறைவு. அண்ணி இன்னும் ரெண்டு வீடு கூடுதலாகப் பாத்திரம் தேய்க்கிறார். கூடம் இதைப் பற்றி எதுவும் சொல்லாது. வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை என்பது அதன் நடைமுறை. அந்த மூடிக்குள் அவனுக்குப் பதில் இன்னொரு தலித் இறங்கியிருப்பான், கட்டிங் போட்டுக்கொண்டு.

7

கூட்டம் முடியும்போது ஒரு ஜெபம் சொல்கிறார்கள். மாற்ற முடியாததை ஏற்க மன அமைதியும், மாற்ற முடிந்ததை மாற்றத் துணிச்சலும், ரெண்டையும் பிரித்தறிய விவேகமும் கேட்கிற ஜெபம். ரைன்ஹோல்ட் நீபர் என்ற அமெரிக்க இறையியலாளர் எழுதியதாகச் சொல்லப்படுவது. முதல் தடவை கேட்டபோது, ‘சாதி எந்தப் பட்டியலில் வருது?’ என்றுதான் மனசு கேட்டது. பிறகு தேடிப் படித்தேன். இதே நீபர்தான் 1932இல் எழுதிய நூலில், தனி மனிதன் நல்லவனாகலாம், ஆனால் அதிகாரத்தில் இருக்கும் கூட்டம் உபதேசத்தால் மட்டும் திருந்தாது, எதிர் சக்தியால்தான் அசையும் என்று வாதிட்டவர். மார்ட்டின் லூதர் கிங் அவரைப் படித்தவர். ஜெபம் கூடத்துக்கு வந்துவிட்டது. அந்த வாதம் வரவில்லை.

அந்த வட்டாரத்தில் லாசரஸ் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. பைபிளில் ரெண்டு லாசரு. ஒருவன் பணக்காரன் வாசலில் புண்ணோடு கிடந்தவன். நம்மாள் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொருவன் செத்து நாலு நாள் கழித்துக் கல்லறையிலிருந்து எழுப்பப்பட்டவன். எழுந்து வந்தவன் கையும் காலும் துணியால் சுற்றிக் கட்டியிருந்தன. எழுப்பியவர் இயேசு. ஆனால் கட்டுகளை அவிழ்க்கிற வேலையைச் சுற்றி நின்றவர்களிடம் விட்டார். என் அண்ணன் எழுந்து வந்துவிட்டான். யார் எழுப்பினார்கள் என்று நான் இனிச் சண்டை போடப் போவதில்லை. சுற்றி நிற்பது நாம்.

அன்றைக்கு நோட்டில் பட்டியலை எழுதி முடித்ததும் அண்ணனிடம் கேட்டேன். ‘நீ தீங்கு செஞ்சவங்க பேரெல்லாம் எழுதிட்டோம். உனக்குத் தீங்கு செஞ்சவங்க பேர எழுத வேணாமா? மேஸ்திரி, கடை தொறந்து வெச்ச கவர்மெண்டு, ஆண்டை…’

‘அது இந்த நோட்டுல வராது.’

‘அப்ப எதுல வரும்?’

‘அது உன் வேல. நீ எழுது. ஆனா வாட வராம எழுது.’

பதினாலு மாதம் ஆகிறது. எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தோழர்கள் கூப்பிடுகிறார்கள். ‘முடியாது தோழர்’ என்கிறேன். எந்தப் பொருளில் சொல்கிறேன் என்று அவர்கள் கேட்பதில்லை. சில நாள் எனக்கே தெரிவதில்லை.